வாசலை மறிக்கும் மாத்திரை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் அடுக்கிவைத்த பழைய பண்டகசாலைகளில், வாசல் வழியே மூட்டை உள்ளே போனால்தான் வேலை நடக்கும். ரத்தக் குழாயின் சுவரிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். அங்குள்ள தசைச் செல்களுக்குள் நுண்ணிய வாசல்கள் வழியே கால்சியம் நுழைகிறது. நுழைந்ததும் தசை இறுகி, குழாய் குறுகி, ரத்த அழுத்தம் ஏறுகிறது. அம்லோடிபின் போன்ற மாத்திரைகள் அந்த வாசலை ஓரளவு மறிக்கின்றன. தசை தளர்ந்து குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது.

இவற்றுக்குக் 'கால்சியம் சேனல் பிளாக்கர்' என்ற பெயர்தான் வம்பு. கால்சியத்தைத் தடுத்தால் எலும்பு என்ன ஆகும், பால் குடிக்கலாமா என்று நோயாளிகள் கலங்குகிறார்கள். எலும்பிலுள்ள கால்சியத்துக்கு இந்த மாத்திரையால் பாதிப்பில்லை. பாலும் மீனும் சாப்பிடலாம் (கொச்சிக்காரர்கள் மீனை விட்டுவிடப்போவதும் இல்லை). உப்பேறிய கருவாட்டைத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொரு பயம், கால் வீக்கம். இது கற்பனையல்ல. மாத்திரை நுண்தமனிகளை விரிக்கிற அளவுக்குச் சிரைகளை விரிப்பதில்லை. வரத்து கூடி, வடிகால் பழையபடியே இருப்பதால் கணுக்காலில் நீர் கசிகிறது. பக்கத்திலுள்ள ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழர்களைப் போல நின்றே வேலை செய்பவர்களுக்கு மாலையில் அது அதிகமாகத் தெரியலாம். 'சிறுநீரகம் போய்விட்டது' என்று முடிவுகட்டி மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. இந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை அதிகம் உதவாது. டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது ராமிப்ரில் போன்ற மருந்தைச் சேர்ப்பார். மூச்சுத் திணறலும் இருந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தானாக நிறுத்துவதில் ஒரு மோசமான ஏமாற்று இருக்கிறது. அம்லோடிபின் உடலில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். அதனால் நிறுத்திய முதல் ஓரிரு நாட்களில் பெரிய மாற்றம் தெரியாது. குணமாகிவிட்டது என்றே தோன்றும். பிறகு அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். பக்கவாதம் வந்த பிறகே பலருக்கு விஷயம் புரிகிறது.

2017இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் முதலில் சேர்ந்த மாநிலங்களில் கேரளமும் ஒன்று. அத்திட்டத்தில் சிகிச்சை பெரும்பாலும் தொடங்குவது 5 மில்லிகிராம் அம்லோடிபினில்தான். விலை குறைவு, நாளுக்கு ஒன்று போதும்.

ஆனால் முழுப் பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேலாகும். மூன்றாம் நாளே அழுத்தத்தை அளந்து 'மாத்திரை வேலை செய்யவில்லை' என்று இரண்டாகப் போட்டுக்கொள்வதும் தவறுதான்.