எல்லாத்துக்கும் ரஷ்யாதான் காரணமா?

1)
நைட் டூட்டி முடிச்சு வந்து போனைத் திறந்தா, எங்க எம்பிபிஎஸ் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே சண்டை.

அமெரிக்காவில் குழந்தைகள் டாக்டரா இருக்கும் நண்பன் எழுதியிருந்தான்: "இங்க தடுப்பூசி எதிர்ப்பு, இனச்சண்டை, எல்லாமே ரஷ்யாக்காரன் கிளப்பி விடுறதுடா".

ஊரிலேயே இருக்கும் இன்னொருத்தன் பதில்: "அது அமெரிக்காக்காரன் கட்டுற கதை. உலகத்துல பொய்ப் பிரச்சாரம் பண்றதே அவன்தான்".

ரெண்டு பேரும் டாக்டர்கள். ரெண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதியில் ரெண்டு பேருமே தப்பு.

குரூப்பில் எழுதினா நட்பு கெடும். அதனால இங்கே எழுதுறேன். நீளமான பதிவு, பொறுமையாப் படிங்க.

2)
முதல்ல "அதெல்லாம் கட்டுக்கதை" என்று சொல்லும் நண்பனுக்கு.

2016 மே 21. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம். ஓர் இஸ்லாமிய மையத்தின் வாசலில் ரெண்டு கூட்டம். ஒரு பக்கம் "டெக்சாஸை இஸ்லாமியமயமாக்காதே" என்று கோஷம். எதிர்ப்பக்கம் முஸ்லிம்களுக்கு ஆதரவாக நிற்பவர்கள். நடுவில் போலீஸ்.

முதல் கூட்டத்தை அழைத்தது ஹார்ட் ஆஃப் டெக்சாஸ் என்ற ஃபேஸ்புக் பக்கம். ரெண்டாவது கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தது யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற பக்கம்.

ரெண்டு பக்கத்தையும் நடத்தியது ஒரே ஆபீஸ்! ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி. அமெரிக்க செனட்டின் புலனாய்வுக் குழு 2017 நவம்பரில் இதை வெளியிட்டது. இதற்கு ஆன விளம்பரச் செலவு சுமார் 200 டாலர்.

அந்த ஆபீஸைத் தொடங்கியது நான்தான் என்று பிரிகோஷினே 2023இல் ஒப்புக்கொண்டார். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

3)
தடுப்பூசி விஷயத்துக்கு வருவோம்.

2018இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பப்ளிக் ஹெல்த் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2014 முதல் 2017 வரையிலான ட்விட்டர் பதிவுகளை எடுத்துப் பார்த்திருந்தார்கள். அதே ரஷ்யக் கணக்குகள் தடுப்பூசி பற்றியும் எழுதியிருந்தன.

தடுப்பூசியை எதிர்த்து மட்டும் எழுதியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீங்க? இல்லை. ஆதரித்தும் எழுதினார்கள், எதிர்த்தும் எழுதினார்கள். ஏறக்குறைய சரிபாதி!

தடுப்பூசி போட்டாலும் போடாவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை. சண்டை நிற்கக் கூடாது, அவ்வளவுதான் தேவை.

4)
இது இன்டர்நெட் வந்த பிறகு பிறந்த வித்தையும் இல்லை. இதில் நம்ம நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

1983 ஜூலை. டெல்லியிலிருந்து வந்துகொண்டிருந்த பேட்ரியாட் என்ற சோவியத் சார்பு நாளிதழில், பெயர் சொல்லாத ஓர் "அமெரிக்க விஞ்ஞானி"யின் கடிதம். எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம்தான் மேரிலாந்தின் ஃபோர்ட் டெட்ரிக் ஆய்வகத்தில் உருவாக்கியது என்று அந்தக் கடிதம் சொன்னது.

அதே வருஷம் மே மாசம்தான் பாரிஸின் பாஸ்டர் ஆய்வகம் அந்த வைரஸைப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டிருந்தது. கிருமி எதுவென்று உலகம் உறுதி செய்யும் முன்பே கிருமியைச் செய்தவன் யாரென்று கடிதம் வந்துவிட்டது!

1985இல் சோவியத் வார இதழ் ஒன்று டெல்லி பத்திரிகையை "ஆதாரமாக" காட்டி எழுதியது. அடுத்த வருஷம் கிழக்கு ஜெர்மனியின் பேராசிரியர் யாக்கோப் செகால் அதற்கு அறிவியல் சட்டை மாட்டினார். 1987 மார்ச்சில் அமெரிக்காவின் சிபிஎஸ் டிவி மாலைச் செய்தியிலேயே அந்தக் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது. 1992இல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் பிரிமகோவ் இது எங்கள் வேலைதான் என்று ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டதும் பொய் செத்துடுச்சா? 2005இல் அமெரிக்கக் கறுப்பின மக்கள் 500 பேரிடம் எடுத்த ஆய்வு வெளியானது. அதில் ஏறக்குறைய பாதிப் பேர் எச்ஐவி மனிதன் செய்த கிருமி என்றார்கள். இப்படிப்பட்ட சதிக்கதைகளை நம்பிய ஆண்களிடம் ஆணுறைப் பயன்பாடு குறைவாக இருந்தது.

ஒரு டாக்டரா எனக்கு வலிக்கிற இடம் இதுதான். உளவுத்துறைக்காரன் ஓய்வு பெற்றுப் போய்விட்டான். நோய் மட்டும் போகவில்லை.

5)
இப்ப அமெரிக்க நண்பனுக்கு. "பொய் சொல்றது ரஷ்யா மட்டும்தான்" என்பவர்களும் கேளுங்க.

2011. பின்லேடன் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க சிஐஏ என்ன செய்தது தெரியுமா? ஓர் உள்ளூர் டாக்டரை வைத்து ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முகாம் நடத்தியது. ஊசி போடும் சாக்கில் வீட்டுக்குள் போய் டிஎன்ஏ மாதிரி எடுப்பது திட்டம்.

அந்தப் பகுதியில் "தடுப்பூசிக்காரன் உளவாளி" என்ற வதந்தி ரொம்ப காலமா இருந்தது. ஒரே நாளில் அது வதந்தி இல்லாமல் போனது! 2012 டிசம்பரில் பாகிஸ்தானில் போலியோ சொட்டு மருந்து ஊழியர்கள் அடுத்தடுத்து சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். அந்த வன்முறைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கொல்ல வந்தவன் கையில் காரணத்தை எடுத்துக் கொடுத்தது யார்? இனிமேல் தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை எழுதிக் கொடுக்க 2014 மே வரை ஆனது.

அதோட நிற்கவில்லை. கொரோனா காலத்தில் அமெரிக்க ராணுவம் போலிக் கணக்குகளை வைத்து, பிலிப்பைன்ஸ் மக்களிடம் சீனாவின் சினோவேக் தடுப்பூசி மேல் அவநம்பிக்கை விதைத்தது. ராய்ட்டர்ஸ் 2024 ஜூனில் இதை அம்பலப்படுத்தியது. ராணுவத் தரப்பும் மறுக்கவில்லை. அந்த மக்களுக்கு அப்போது கிடைத்ததே பெரும்பாலும் அந்த ஊசிதான். வேண்டாம் என்று பயமுறுத்தி விட்டு, மாற்றாக எதைக் கொடுத்தீர்கள்?

ஆக, வாஷிங்டனா மாஸ்கோவா என்று பார்த்து கோபப்படுபவர்களிடம் எனக்கு விவாதிக்க ஒன்றுமில்லை. தடுப்பூசியை ஆயுதமாக்கியவன் எவனாக இருந்தாலும் குற்றவாளிதான்.

6)
சரி, வெளிநாட்டுத் தலையீடு உண்மைதான் என்றால் என் அமெரிக்க நண்பன் சொன்னதில் தப்பு என்ன?

"எல்லாமே" என்ற அந்த ஒரு வார்த்தைதான் தப்பு.

எங்க பாஷையில் சந்தர்ப்பவாதத் தொற்று என்று ஒன்று உண்டு. ஆரோக்கியமான உடம்பை ஒன்றும் செய்ய முடியாத கிருமி, எதிர்ப்பு சக்தி குறைந்த உடம்பில் ஆளையே சாய்த்துவிடும். அந்தக் கிருமிக்கும் மருந்து கொடுத்தாகணும். ஆனா எதிர்ப்பு சக்தி ஏன் குறைந்தது என்று பார்க்காமல் அனுப்புகிற டாக்டரிடம், அந்த நோயாளி அடுத்த மாசம் வேறொரு கிருமியோடு வந்து நிற்பார்.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் எய்ட்ஸ் கதையை ஏன் நம்பினார்கள்? கேஜிபி கெட்டிக்காரத்தனமா எழுதியதாலா?

அலபாமாவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, 40 வருஷம், சிபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லி வைத்தியம் பார்க்காமல் வேடிக்கை பார்த்தது அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை. 1947 வாக்கில் பென்சிலின்தான் சிகிச்சை என்று முடிவான பிறகும் கொடுக்கவில்லை. அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டது 1997இல்.

அந்த மக்களிடம் போய் "அரசாங்கம் உங்களுக்கு அப்படிச் செய்யுமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? பொய்யை எழுதியது மாஸ்கோ. அது முளைக்க நிலத்தை உழுது வைத்தது வாஷிங்டன்.

7)
இன்னொரு கணக்கும் பாருங்க.

2016 தேர்தலில் ரஷ்ய ட்விட்டர் பதிவுகள் எவ்வளவு வேலை செய்தன என்று ஆராய்ந்து, 2023இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அந்தப் பதிவுகள் கண்ணில் பட்டதில் 70 சதவீதம் வெறும் 1 சதவீதப் பயனாளர்களிடம்தான். அதிகம் பார்த்தவர்கள் ஏற்கெனவே உறுதியான குடியரசுக் கட்சிக்காரர்கள். பார்த்ததால் கருத்தோ ஓட்டோ மாறியது என்பதற்கு குறிப்பிடத்தக்க ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

இது ட்விட்டரைப் பற்றிய ஆய்வு மட்டும்தான். ஃபேஸ்புக்குக்கும், மின்னஞ்சல் திருட்டுக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் "ரஷ்யாதான் அமெரிக்கர்களின் மூளையை மாத்திடுச்சு" என்று அடித்துப் பேசுபவர்கள் கொஞ்சம் நிதானிக்கணும்.

தட்டம்மையை எடுத்துக்குவோம். 2000இல் அமெரிக்கா அதை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. 2019இல் 1274 பேருக்கு வந்தது. 2025இல் 2000-ஐத் தாண்டியது. டெக்சாஸில் தடுப்பூசி போடாத ரெண்டு குழந்தைகள் இறந்தே போனார்கள்.

அதே 2025இல் அந்நாட்டின் சுகாதாரத் துறை அமைச்சராக வந்தவர் யார்? பல வருஷமா தடுப்பூசிகளைச் சந்தேகித்துப் பேசி வந்த ராபர்ட் கென்னடி ஜூனியர். பதவிக்கு வந்ததும், தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 உறுப்பினர்களையும் ஒரே அடியாக நீக்கினார்.

அவரை நியமித்தது அமெரிக்க அதிபர். ஒப்புதல் கொடுத்தது அமெரிக்க செனட். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இல்லை.

8)
"வெளிநாட்டுச் சதி" என்ற முத்திரையில் எனக்கு இருக்கும் பெரிய பயம் வேறு. அது விவாதத்தையே கொன்றுவிடும்.

2020 அக்டோபர், தேர்தலுக்கு சில வாரங்கள் முன்பு. ஜோ பைடனின் மகனுடைய லேப்டாப் பற்றி ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது. உடனே 51 முன்னாள் உளவுத்துறை அதிகாரிகள் கையெழுத்திட்டு ஒரு கடிதம். ஆதாரம் எதுவும் எங்களிடம் இல்லை, ஆனால் இது ரஷ்ய வேலைக்குரிய அடையாளங்களோடு இருக்கிறது என்றார்கள். ட்விட்டர் அந்தச் செய்தியின் இணைப்பையே முடக்கியது. 2024இல் அதே லேப்டாப்பை அமெரிக்க அரசு வழக்கறிஞர்களே நீதிமன்றத்தில் ஆதாரமாக வைத்தார்கள்.

அந்தச் செய்தி முக்கியமானதா இல்லையா என்பது வேறு விவாதம். அந்த விவாதம் நடக்கவே விடவில்லை என்பதுதான் பிரச்சனை. மறைத்தது வெளியே தெரிந்த நாளில் எத்தனை பேர் நம்பிக்கை இழந்திருப்பார்கள்? அடுத்த முறை உண்மையாவே ரஷ்ய வேலை நடந்து, அதே ஆட்கள் எச்சரித்தால் யார் கேட்பார்கள்?

இந்த முத்திரையை யாருக்கு ரொம்பப் பிடிக்கும் என்றும் பாருங்க. ரஷ்யா 2012இலேயே "அந்நிய ஏஜென்ட்" சட்டம் கொண்டு வந்தது. தேர்தல் கண்காணிப்பாளர், பத்திரிகையாளர், மனித உரிமைக்காரர் என்று பிடிக்காதவர்கள் மேலெல்லாம் குத்தியது. 2024இல் ஜார்ஜியாவிலும் அதே மாதிரி ஒரு சட்டம் வந்து, தெருவெல்லாம் போராட்டம்.

எதிர்க்கருத்து சொல்பவனை எல்லாம் அந்நியக் கைக்கூலி என்பது புடின் எடுத்த வழி. ஜனநாயகத்தைக் காப்பாத்துறோம்னு சொல்லிக்கிட்டு அதே வழியில் போகாதீங்க.

9)
"அப்ப தலையீட்டைக் கண்டுக்காம விட்டுடணுமா?"

கூடவே கூடாது. போலிக் கணக்கை நீக்குங்க. அரசியல் விளம்பரத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஊரறியச் சொல்லுங்க. 2021இல் ஃபேஸ் என்ற ஏஜென்சி பிரான்ஸ், ஜெர்மனி யூடியூபர்களுக்குப் பணம் தர்றேன், ஃபைசர் தடுப்பூசியைப் பத்தி தப்பாப் பேசு என்று வலை வீசியது. அந்த யூடியூபர்களே அதை வெளியில் போட்டு உடைத்தார்கள். ஏஜென்சியின் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. எந்தக் கருத்தையும் தடை செய்ய வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆள்மாறாட்டத்தைத் தண்டியுங்க. கருத்துக்குக் கருத்தால் பதில் சொல்லுங்க. ரெண்டையும் குழப்பாதீங்க.

10)
கடைசியா என் கதை.

2017. தமிழ்நாட்டில் எம்ஆர் தடுப்பூசி முகாம். வாட்ஸ்அப் முழுக்க வதந்தி. அப்போது நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். அஞ்சாவது படிக்கும் பெண்ணோட அம்மா வந்து, "சார், இந்த ஊசி போட்டா பின்னாடி புள்ள பொறக்காதாமே?" என்றார்.

"வாட்ஸ்அப்ல வர்றதெல்லாம் எவனோ கிளப்பி விடுறதும்மா, நம்பாதீங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவர் போய்விட்டார். பிள்ளைக்கு ஊசி போடவில்லை.

ரெண்டு நாள் கழித்து எங்க கிராம சுகாதார செவிலியர் அக்கா அவங்க வீட்டுக்குப் போனாங்க. திண்ணையில் உட்கார்ந்து ஒரே கேள்விதான். "உனக்கு என்னம்மா பயம்?" அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. மூத்த பையனுக்குக் கைக்குழந்தையில் ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரி காய்ச்சல் வந்து வலிப்பு வந்திருக்கு. மறுநாள் தூக்கிக்கொண்டு ஓடிய இடத்தில் யாரும் என்ன ஏதுன்னு விளக்கவில்லை. திட்டித்தான் அனுப்பியிருக்காங்க.

அந்தப் பயம் வாட்ஸ்அப்பில் வந்ததில்லை. எங்களை மாதிரி ஆஸ்பத்திரிக்காரங்க கொடுத்தது. வாட்ஸ்அப் அதுக்குப் பேச வார்த்தை கொடுத்தது, அவ்வளவுதான்.

அக்கா முக்கால் மணி நேரம் பேசினாங்க. அடுத்த வாரம் அந்தப் பெண்ணுக்கு ஊசி போட்டாச்சு.

11)
என் அமெரிக்க நண்பனுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். உன் ஓபிக்கு வந்து தடுப்பூசி வேண்டாம் என்று சொல்லும் அம்மாவிடம் "இது ரஷ்யப் பொய்" என்று சொல்லிப் பார். 2017இல் எனக்குக் கிடைத்த அதே பதில்தான் உனக்கும் கிடைக்கும். எழுந்து போய்விடுவார்.

வெளியிலிருந்து பொய் வரும். நாளைக்கும் வரும், வேறு நாட்டிலிருந்தும் வரும். அதை எடுபடாமல் செய்வது நம்மைப் பற்றி மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கை ஒன்றுதான். அதை உடைத்தது யார் என்று கேட்கும்போது, எல்லாரும் முதலில் அவங்கவங்க வீட்டுக்குள்ள பார்ப்போம்.

மாற்றுக்கருத்து இருந்தா கமெண்டில் சொல்லுங்க. உங்களை எந்த நாட்டு ஏஜென்ட்டுன்னும் சொல்ல மாட்டேன்.