மணிமுத்தாறில் பறந்த விமானம்



தொடுபுழைப் பக்கத்துக்காரரான சஜி தாமஸுக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அவர் சொந்தமாகக் கட்டிய இரண்டு இருக்கை விமானம் 2014இல் பறந்தது கேரளத்தில் அல்ல, நெல்லைச் சீமையின் மணிமுத்தாறில்! ஓட்டிக் காட்டியவர் ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர்.

மும்பையில் அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய விமானம் 2016இல் கண்காட்சிக்கு வந்தது. பறக்க அனுமதி கிடைத்ததோ 2019இல். ஆலப்புழைக்காரரான அசோக் தாமராக்ஷன் இங்கிலாந்தில் தம் வீட்டிலேயே கட்டிய நான்கு இருக்கை ‘ஸ்லிங்’ விமானத்தில், 2022இல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார். இங்கிலாந்தில் இப்படிக் கட்டும் விமானத்தை இலகு விமானச் சங்கத்தின் ஆய்வாளர் கட்டம் கட்டமாக வந்து பார்ப்பார்.

அந்தப் பார்வைதான் முக்கியம். முறுக்கி முடித்த நட்டின் மேல் வண்ணக் கோடு ஒன்று இழுத்திருப்பார்கள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று சக்கரங்களையும் தனித்தனித் தராசில் நிறுத்தி எடைமையம் கணக்கிட்ட பிறகே ஓடுபாதை. தனியாக உழைக்கிறவருக்கு இதையெல்லாம் சரிபார்த்துத் தர ஆள் வேண்டாமா?

தும்பாவில் 1963இலேயே ராக்கெட் ஏவிய ஊர் எங்கள் திருவனந்தபுரம். இங்குள்ள ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாதெமியில், சொந்தமாக விமானம் கட்டுவோருக்கென ஒரு பட்டறையும் ஆய்வு வசதியும் கேரள அரசு ஏற்படுத்தித் தர வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
வலியசாலை, திருவனந்தபுரம்