கட்டிய கையும் கட்டவிழ்ந்த கையும்

பக்கவாதத்தால் தளர்ந்த கை, சில திங்களுக்குள் எவ்வளவு மீள்கிறதோ அவ்வளவே என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அந்நம்பிக்கையை அசைத்தது மருந்தன்று. நல்ல கையைக் கட்டிவைக்கும் எளிய செயல்.

அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்டு டவுப், குரங்கின் ஒரு கைக்குரிய உணர்ச்சி நரம்புகளைத் துண்டித்தார். இயக்கும் நரம்புகள் கெடவில்லை. ஆயினும் குரங்கு அக்கையை ஒதுக்கிவிட்டது. நல்ல கையைச் சில நாள் கட்டிவைத்ததும், ஒதுக்கிய கையாலேயே உணவை எடுத்தது. முயன்று தோற்ற கையைப் பயன்படுத்தாதிருக்கவும் உயிர் கற்றுக்கொள்கிறது என்பது அவர் கண்ட உண்மை. இதற்கு வேறொரு பக்கமும் உண்டு. 1981இல் மேரிலாந்து மாநிலத்துச் சில்வர் ஸ்பிரிங் ஆய்வகத்திலிருந்து 17 குரங்குகளைக் காவல் துறையினர் கைப்பற்றினர். கொடுமை வழக்கில் அவர்மீதான தீர்ப்பு மேல்முறையீட்டில் நீங்கிற்று; ஆயினும் அக்குரங்குகளை மறந்துவிட்டு இந்நன்மையைப் போற்ற நமக்கு மனம் இசையவில்லை.

பின்னர் அவர் பர்மிங்காமிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் இம்முறையை மனிதர்க்கு வகுத்தார். 2006இல் வெளியான ஆய்வில், நோயுற்று 3 முதல் 9 திங்கள் கடந்த 222 பேர் பங்கேற்றனர். சிகிச்சை பெற்றோர் விழித்திருக்கும் நேரத்தில் 90 விழுக்காடு நல்ல கையில் உறை அணிந்து, நாள்தோறும் 6 மணி நேரம் வரை, இரு வாரம் பயின்றனர். ஓராண்டு கழிந்தும் மற்றவரைவிட அவர்கள் கை மேம்பட்டிருந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதேனும் நிமிர்த்த இயன்றோரே சேர்க்கப்பட்டனர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குழந்தைகள் நிலை வேறு. பிறப்பையொட்டி மூளைத்தாக்குற்ற குழந்தை, பழகிய கையை இழக்கவில்லை. அக்கையைப் பழகியதே இல்லை. 2004இல் வெளியான ஆய்வொன்று, பெருமூளை வாதத்தால் ஒருபக்கம் தளர்ந்த 18 சிறாரைப் பற்றியது. சிகிச்சைக் குழுவினர்க்கு நல்ல கையில் மாவுக்கட்டிட்டு, நாளுக்கு 6 மணி நேரம், 21 நாள் பயிற்சி தந்தனர். அதுவரை செய்தறியாத அசைவுகள் அவர்களிடம் தோன்றின.

இதிலிருந்து நாம் கொள்ளும் துணிபு வீட்டாரைப் பற்றியது. பொத்தானை மாட்டிவிடுகிறோம், சோற்றை ஊட்டிவிடுகிறோம். அன்புதான், ஆனால் ஒதுங்கிய கை மேலும் ஒதுங்குவதற்கு அவ்வன்பே துணையாகிவிடுகிறது. ஐந்து நிமிடம் பொத்தானோடு போராடுபவரை வாளாவிருந்து காண்பது எளிதன்று; எனினும் காணத்தான் வேண்டும்.

2021இல் அமெரிக்க அரசு ஒப்புதல் தந்த, கழுத்திலுள்ள வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவியும் இத்தகைய பயிற்சியோடு சேர்த்தே பயன்படுத்தப்படுகிறது. புதுக் கருவி வாங்க நிதி தேடும் மருத்துவமனைகள், நாளுக்கு ஆறு மணி நேரம் அருகமர்ந்து பயிற்றுவிப்போர்க்கு எத்தனை பணியிடம் ஒதுக்கும் என்று கேட்கிறோம்.