காம்பு உள்ளடங்கிய தாய்மார்க்கு

மோதி பாக் குடியிருப்பில், ஊரிலிருந்து தாயார் வந்து சேருமுன்பே அண்டை வீட்டாரின் யோசனைகள் வந்து சேர்ந்துவிடும். என் மனைவிக்கு ஏழாம் மாதப் பரிசோதனையில் மார்புக் காம்பு உள்ளடங்கியிருப்பது தெரிய வந்தது. "தினமும் எண்ணெய் தடவி இழுத்துவிடம்மா" என்றார் ஓர் அம்மையார். "பால் பவுடர் வாங்கி வைத்துவிடுங்கள்" என்றார் மற்றொருவர். ஆண்மகன் எழுதத்தக்க விஷயமா என்று தயங்கினேன். அவளே எழுதச் சொன்னாள்.

இரண்டு யோசனைகளும் பிசகானவை. காம்பை இழுத்துவிடும் பயிற்சியையும், உட்புறம் அணியும் கிண்ணங்களையும் பிரிட்டனிலும் கானடாவிலும் கர்ப்பிணிகள் 463 பேரிடம் சோதித்து, 1994இல் முடிவை வெளியிட்டனர். அவற்றைக் கையாண்டவர்கள் பால் கொடுப்பதில் மற்றவர்களைவிட முன்னேறவில்லை. கர்ப்ப காலத்தில் காம்பைத் தூண்டுவது கருப்பையைச் சுருங்கச் செய்யவும் கூடும்.

குழந்தை காம்பை மட்டும் பற்றிக் குடிப்பதில்லை. அதனைச் சூழ்ந்த கரிய வட்டத்தையும் சேர்த்து வாய் நிறையப் பற்ற வேண்டும். ஆகவே முயற்சிக்குரிய காலம் பிரசவத்திற்குப் பின்னரே. பிறந்த ஒரு மணிக்குள் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துக் கிடத்த வேண்டுமென்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதே உண்மையான முன்னேற்பாடு.

மற்றோர் உபாயம் நம் அண்டை மாநிலத்தினது. கர்நாடகத்துத் தாவணகெரேயில் டாக்டர் நிர்மலா கேசரி முதலானோர் 1993இல் எழுதியது. ஊசி மருந்துக்குரிய புதிய பிளாஸ்டிக் ஸிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, உள்தண்டை அவ்வெட்டிய பக்கமாகவே நுழைக்க வேண்டும். வழவழப்பான மறுமுனை மார்பின்மேல் படியும். பால் கொடுக்குமுன் தாயே தண்டை மெல்ல இழுத்து, அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் வரை பிடித்திருக்க வேண்டும். வலித்தால் உடனே தளர்த்திவிட வேண்டும். வெட்டிய முனை மேலே படவே கூடாது. முதன்முறை செவிலியர் முன்னிலையில் செய்வது நலம்.

இரண்டாம் நாளிரவு குழந்தை வீறிட்டழுதபோது என் மனைவி மனமுடைந்து, "புட்டியே கொடுத்துவிடலாமா?" என்று கேட்டாள். எனக்கும் விடை தெரியவில்லை. பணியிலிருந்த செவிலியர் சீம்பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டக் கற்றுத் தந்தார். புட்டிக்குப் பழகிய வாய் மார்பைப் பற்ற மறுப்பதுண்டு. நம் பாட்டிமாரின் பாலாடையில் அத்தொல்லை குறைவு.

மூன்றாம் நாள் மாலை குழந்தை தானாகவே பற்றிக்கொண்டது. அந்தப் பாலாடை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. தேவைப்படுவோர் வாங்கிச் சென்று, நன்கு கொதிக்கவைத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.