சாவி கொடுத்தால் போதுமா?

ஒரு பொருளை வாங்குவது வேறு; அதற்கு உரிமையாளனாவது வேறு. வாங்குவதற்குப் பணமும் கையெழுத்தும் போதும். ஒரு பிற்பகற் பொழுதில் அது முடிந்துவிடும். உரிமையாளனாவதற்கோ அறிவும் பொறுமையும் ஒழுங்கும் வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். இந்த வேறுபாட்டை உணராமையால் மலேசியத் தமிழ்ச் சமுதாயம் கொடுத்துவரும் விலை பெரிது. அவ்விலையைக் காண விரும்புவோர் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. தாமான்களிலும் தோட்டப்புறங்களிலும் வீட்டு வாசல்களில் நிற்கும் சின்னஞ்சிறு மோட்டார் சைக்கிள்களைப் பார்த்தாலே போதும்.

இச்சிறு வண்டியை மலேசிய மக்கள் இன வேறுபாடின்றிக் ‘காப்சாய்’ என்று அழைக்கின்றனர். இவ்வகை வண்டிகளுக்கெல்லாம் மூதாதை, ஜப்பானில் 1958ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஹோண்டா சூப்பர் கப். அவ்வரிசையில் பிறந்த வண்டிகளின் மொத்த உற்பத்தி 2017ஆம் ஆண்டில் பத்துக் கோடியைத் தொட்டது. அதன் சிறப்பு எளிமையில் இருக்கிறது. கையால் இயக்கும் கிளட்ச் இல்லை. காலால் கியர் மாற்றலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் நெடுந்தொலைவு ஓடும். கம்பத்துப் பட்டறையிலும் பழுது பார்த்துவிடலாம். கெடா மாநிலத்தின் குருன் நகரில் தயாரான மோடெனாஸ் கிரிஸ் 1996இல் வெளிவந்தபோது, இவ்வினத்து வண்டி உள்நாட்டுப் பெயரும் பெற்றது.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்திலும், பின்னர் அவை வீடமைப்புப் பகுதிகளாக மாறிய காலத்திலும், பால்மரக் காட்டை விட்டுப் பட்டண ஓரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. அவர்கள் குடியேறிய இடங்களுக்குப் பேருந்து ஒழுங்காக வரவில்லை. தொழிற்சாலையின் இரவு வேலையோ பேருந்துக்காகக் காத்திருக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது இச்சிறு வண்டியே. ஆகவே, மோட்டார் சைக்கிளை எமனின் வாகனம் என்று ஏசி, அதை வாங்கவே கூடாது என்று வாதிடுவோரின் கூற்று ஏற்கத்தக்கதன்று. காரில் சென்று திரும்புவோருக்கு அவ்வாறு சொல்வது எளிது. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் வீட்டுக்கு அது வேலைக்குப் போகும் வழி; தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வழி; தங்கையை மாலை வகுப்பிலிருந்து பத்திரமாக அழைத்து வரும் வழி. வழியை அடைத்துவிட்டு வாழ்க எனச் சொல்வதில் பயனில்லை.

எனினும், மறுக்கவொண்ணாத உண்மை ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் மாண்டவர்கள் 6,167 பேர். அவர்களுள் பத்தில் ஆறு பேருக்குக் குறையாதோர் மோட்டார் சைக்கிளோட்டிகளும் அவர்களுக்குப் பின்னால் அமர்ந்து சென்றவர்களுமே ஆவர். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு தாயின் அழுகுரல் இருக்கிறது. அவ்வாறாயின், பழி வண்டி மீதும் இல்லை, இளைஞன் மீது மட்டும் இல்லை என்றால் வேறு எவர் மீது? சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத் தம் கடமை தீர்ந்தது என்று எண்ணும் பெரியோர் மீதே பழியின் பெரும்பகுதி விழுகிறது.

வண்டி வீட்டுக்கு வரும் முறையைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். மகன் ஐந்தாம் படிவத் தேர்வை முடித்திருப்பான். அல்லது தொழிற்சாலையில் புதிதாக வேலை கிடைத்திருக்கும். தந்தை சேமநிதியைப் போலப் பொத்திவைத்த பணத்தை முன்பணமாக எடுத்துச் செல்வார். மாமன் ஜாமீன் கையெழுத்துப் போடுவார். கடைக்காரர் நிறத்தைப் பற்றிப் பேசுவார். மாதத் தவணையைப் பற்றிப் பேசுவார். வண்டியைப் பராமரிப்பது பற்றி இரண்டு நிமிடம் பேசினால் அது பெரிது. பின்னர் வண்டி கோயிலுக்குச் செல்லும். சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். இருக்கையின் கீழே உள்ள கையேடோ அன்று போலவே என்றும் உறை பிரியாமல் கிடக்கும்.

பூசை செய்வது தவறு என்று எவரும் சொல்லார். ஒரு கருவியை வணங்கிக் கையில் எடுப்பது தமிழரின் உயர்ந்த பண்பு. ஆனால் வணங்கிய கருவியின் இயல்பை அறியாதிருப்பது அவ்வணக்கத்துக்கே இழுக்கு. ஐந்தாம் படிவம் வரை படித்த பையனுக்குத் தேசிய மொழியில் அச்சான கையேட்டைப் படிக்க மொழி தடையன்று. படிக்கச் சொல்வார் இல்லை என்பதே தடை.

முதல் மாதம் தேனிலவு. மாலைதோறும் துணி கொண்டு துடைப்பதும், ஒரு கீறல் விழுந்தால் உறக்கம் கெடுவதும் இயல்பே. அம்மகிழ்ச்சியைக் குறை கூறுதல் கூடாது; தன் உழைப்பில் ஓடும் முதல் வண்டி தரும் தன்னம்பிக்கை சிறிதன்று. துன்பங்கள் அம்மகிழ்ச்சிக்குள்ளேயே மறைந்து வளர்கின்றன என்பதுதான் கவலைக்குரியது.

புது எந்திரம் ஒரு பச்சிளம் குழந்தை போன்றது. அதன் உள்ளே உலோகமும் உலோகமும் முதன்முறையாக உராய்ந்து ஒன்றோடொன்று பொருந்திக் கொள்கின்றன. அவ்வுராய்வில் உதிரும் நுண்துகள்கள் கறுப்பு எண்ணெயில் கலக்கின்றன. அதனால்தான், முதல் 500 கிலோமீட்டர் வரை முழு வேகத்தில் முறுக்காதே, திடுமென வேகம் கூட்டாதே என்று கையேடுகள் அறிவுறுத்துகின்றன. முதல் 1,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றச் சொல்வதும் அதனாலேயே. நம் இளைஞன் செய்வது என்ன? வண்டி வந்த மறுநாளே, அது எவ்வளவு வேகம் போகும் என்பதை நண்பர்களுக்குக் காட்ட நெடுஞ்சாலைக்கு விரைகிறான். அந்த ஒரு நாள் செய்த தீங்கு அன்றே தெரியாது. பல மாதங்களுக்குப் பின் புகையாகவும் இரைச்சலாகவும் வெளிப்படும்.

இன்னும் சில சிறு உண்மைகள் உள. புதுச் செயின் முதல் சில வாரங்களிலேயே சற்று நீண்டு தளரும்; அதை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். கம்பிச் சக்கரமாயின் கம்பிகளின் இறுக்கத்தைச் சோதிக்க வேண்டும். புது டயரின் மேற்பரப்பு வழுக்கும் தன்மையது; கொஞ்ச தூரம் ஓடிய பிறகே சாலையைப் பற்றும். புதுப் பிரேக்கும் அவ்வாறே. இவை யாவும் பெருஞ்செலவு வைக்கும் வேலைகள் அல்ல. சிறு வண்டிக்கு ஒரு முறை ஊற்றும் எண்ணெய் ஒரு லிட்டருக்கு மேற்படாது. ஆயினும், மாதத் தவணையை ஒரு காசு பிசகாமல் கணக்கிட்ட குடும்பம், எண்ணெய்க்கும் டயருக்கும் சாலை வரிக்கும் காப்புறுதிக்கும் ஒரு வெள்ளிகூட ஒதுக்குவதில்லை. வண்டி நடுவழியில் நிற்கும்போது கடன் வாங்கிப் பழுது பார்க்கிறது. அக்கடனைத் தீர்க்கத் தவணையை நிறுத்துகிறது.

அதன் பின் நடப்பதைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. 1967ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டத்தின்படி, தொடர்ந்து இரண்டு தவணை கட்டத் தவறினால், 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வண்டியை மீட்டுக்கொள்ளக் கடன் கொடுத்தவருக்கு வழியுண்டு. தவணைக் கொள்முதலில் எடுத்த வண்டி, கடைசித் தவணை தீரும்வரை முழு உரிமையாக வாங்கியவருக்குச் சேர்வதில்லை. மாலையும் சந்தனமும் சூடிய வண்டி லாரியில் ஏறிப்போகும் காட்சியை அக்கம்பக்கத்தார் காண்கின்றனர். ஜாமீன் போட்ட மாமனுக்கும் மருமகனுக்கும் இடையே பேச்சு நின்றுபோகிறது. ஒரு லிட்டர் எண்ணெயில் தொடங்கிய அலட்சியம் உறவின் முறிவில் முடிகிறது.

வண்டி பழகுவது ஒரு பாதி; ஓட்டுபவன் பழகுவது மறு பாதி. எந்திரத்தைப் பழக்க 1,000 கிலோமீட்டர் தேவையென்றால், மனிதனைப் பழக்க அதனினும் குறைவாகவா தேவைப்படும்? மலேசியாவில் 250 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிளுக்குரிய பி2 உரிமத்தை 16 வயதில் பெறலாம். உரிமம் பெறும்முன்பே கடைத்தெரு வரைதானே என்று சாவியைக் கொடுக்கும் தந்தையர் இன்றும் உளர். உரிமமில்லாதவன் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்கும் என்று நம்புவதற்கில்லை. உரிமம் பெற்றவனும் பயிற்சித் திடலில் எட்டுப் போட்டுக் காட்டியவனே ஒழிய, அடைமழையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டக் கற்றவன் அல்லன்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு நொடி ஆகுமாயின், அதற்குள் வண்டி ஒரு வகுப்பறையின் நீளத்தைக் கடந்திருக்கும். நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு உரியது. ஆனால் புதியவன் கவிழ்ந்துவிடுவோமோ என்று அஞ்சி அதைத் தொடுவதேயில்லை. அல்லது அச்சத்தில் ஒரேயடியாக இறுகப் பிடித்துச் சறுக்கி விழுகிறான். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில், சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு கலந்து வழுக்கும். சாலையிலிட்ட வெள்ளைக் கோடுகளும் வழுக்கும். இவற்றையெல்லாம் விழுந்துதான் அறிய வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதையாக, ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுத்து வண்டி வாங்கியவர்கள் தலைக்கவசத்தில் சிக்கனம் பார்க்கின்றனர். தலைக்கவசம் அணிய வேண்டுமென்ற விதி 1973இலேயே வந்துவிட்டது. பகலிலும் முன்விளக்கை எரிய விட வேண்டுமென்ற விதி 1992இல் வந்தது. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை அமைந்தது. அத்தகைய பாதைகள் இன்னும் பல சாலைகளில் வேண்டும் என்று கேட்பது நேர்மையான கோரிக்கையே. ஆனால் சட்டம் கவசத்தை அணியச் சொல்லுமே தவிர, வீட்டுக்கு வீடு வந்து தாடையில் வாரைப் பூட்டிவிடாது. பூட்டாத கவசம் காற்றில் பறக்கும். கவசம் இருந்தும் தலை இராது.

“பையன் தானே கற்றுக்கொள்வான்; எல்லாரும் அப்படித்தான் கற்றார்கள்” என்பார் சிலர். இவ்வாதத்தின் பொய்மை வெள்ளிடைமலை. தானே கற்றுத் தேறியவர்கள் இன்று பேசுகிறார்கள்; கற்கும்முன் மடிந்தவர்கள் பேச வரமாட்டார்கள். ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவரைக்கூட முதல் நாளே வகுப்பறையில் தனியே விட்டுவிடுவதில்லை. அவர் பாடக் குறிப்பு எழுதிக் காட்ட வேண்டும். விரிவுரையாளர் பின் வரிசையில் அமர்ந்து பார்ப்பார். குறை கண்டால் திருத்துவார். பிழையாக நடத்திய பாடத்தை மறுநாள் மீண்டும் நடத்தலாம். பிழையாகத் திரும்பிய சந்தியில் மறுநாள் என்பது கிடையாது. சொல்லித் திருத்தத்தக்க பணிக்கு இத்தனை மேற்பார்வை வைத்துவிட்டு, உயிரைப் பணயம் வைக்கும் பணிக்கு ஒன்றும் வேண்டாம் என்பது முரண்பாடு அன்றோ?

“தந்தைக்கே மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது, இரட்டை வேலை பார்ப்பவருக்கு நேரமும் இல்லை” என்று மற்றொரு மறுப்பு எழலாம். அதில் உண்மை உண்டு. ஆயினும் மேற்பார்வைக்கு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எண்ணெய் அளவு பார்த்தாயா, செயின் தளர்ந்திருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா, விளக்கும் பிரேக்கும் வேலை செய்கின்றனவா என்று ஞாயிறுதோறும் நான்கு கேள்வி கேட்க ஐந்து நிமிடம் போதும். கேள்வி கேட்கும் வீட்டில் பதில் தேடும் பிள்ளை வளர்வான்.

இறுதிச் சடங்கு முடிந்த பின், இக்காலத்துப் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று பெருமூச்சு விடும் பெரியோர் ஒன்றை நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வேண்டும்: கேட்பதற்கு முன் என்ன சொல்லப்பட்டது? “பார்த்துப் போ” என்ற இரண்டு சொற்களே பெரும்பாலான வீடுகளில் முழுப் பாடத்திட்டம். அது வாழ்த்து, பயிற்சி அன்று.

செய்ய வேண்டியவை அரியன அல்ல. உரிமம் கையில் வந்த பிறகே சாவி கைக்கு வரவேண்டும். தவணையோடு பராமரிப்புச் செலவையும் கூட்டிப் பார்த்து, தாங்குமானால் மட்டுமே கையெழுத்திட வேண்டும். முதல் ஆறு மாதத்தைப் பயிற்சிக் காலமாகக் கொண்டு, இரவு நெடுஞ்சாலைப் பயணமும் பின்னால் ஆள் ஏற்றுவதும் படிப்படியாகவே இசைவு பெற வேண்டும். இளைஞர் மணிமன்றங்களும் கோயில் நிர்வாகங்களும் ஆண்டுக்கு ஒரு நாளாவது பட்டறைத் தொழில் அறிந்த ஒருவரை அழைத்து, புது வண்டி வாங்கியோருக்குச் செயின் இழுக்கவும் பிரேக் பிடிக்கவும் கற்றுத்தர வேண்டும். எலுமிச்சம்பழம் நசுக்கும் அதே முற்றத்தில் இப்பாடம் நடந்தால் அப்பூசை முழுமை பெறும்.

பிள்ளைக்கு வண்டி வாங்கித் தருவது அன்பு. அதைப் பேணவும் ஓட்டவும் கற்பிக்காமல் வாங்கித் தருவது அன்பின் பெயரால் செய்யும் புறக்கணிப்பு. சாவியோடு அறிவையும் சேர்த்துக் கொடுக்க முன்வராதவர்கள், சாவியையும் கொடுக்காதிருப்பதே பிள்ளைக்குச் செய்யும் நன்மை.