தலையில் அடிபட்ட பிள்ளையை நிறுத்துப் பாருங்கள்!

தலையில் பலத்த அடி. பல நாள் நினைவே இல்லை. ஒரு நாள் பிள்ளை கண்ணைத் திறக்கிறான். "பிழைத்து விட்டான்!" என்று வீடே மகிழ்கிறது.

பிழைத்தது சரி. அவன் உடம்பு தேறுகிறதா, உருகுகிறதா? அதை யாராவது அளந்து பார்க்கிறார்களா?

வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். அதில் மாத்திரைகளின் பெயர் இருக்கும். பிள்ளையின் எடையும் அதில் இருக்க வேண்டும். எடை எழுதாத சீட்டு பாதிச் சீட்டுதான் என்பேன்.

மூளை நிறையத் தின்னும் உறுப்பு. ஐந்து வயதுப் பிள்ளை ஒரு நாளில் செலவிடும் சக்தியில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் மூளைக்கே போய் விடுகிறது! அந்த மூளையில்தான் காயம்.

அடிபட்ட முதல் வாரங்களில் சில பிள்ளைகளின் உடம்பு வழக்கத்தைவிட அதிகச் சக்தியை எரிக்கும். மயக்க மருந்தில் இருக்கும் பிள்ளைக்குக் குறைவாகவே செலவாகும். ஆகவே எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவுக் கஞ்சி என்பது சரிப்படாது. மூச்சுக் காற்றைச் சோதித்து, உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று சொல்லும் எந்திரம் உண்டு. அது எல்லா ஊரிலும் கிடைக்காது. தராசு கிடைக்கும்.

முடிந்தால், அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் வயிற்று வழியாக உணவு தொடங்குவது நல்லது என்று 2019-ம் ஆண்டில் வெளியான அமெரிக்க மருத்துவ வழிகாட்டி கூறுகிறது.

கொழுகொழு ஏமாற்றம்

சில மாதம் கழித்து நிலைமை மாறும். பிள்ளை அசையாமல் படுத்திருப்பான். கை, கால் சதை கரையும். அந்த இடத்தில் கொழுப்பு சேரும். எடை மட்டும் அப்படியே இருக்கும்! "கன்னம் உப்பி விட்டது, பையன் தேறி விட்டான்" என்பாள் பாட்டி. பாட்டி மீது குற்றம் இல்லை. கண் அப்படித்தான் ஏமாற்றும்.

மூளையின் அடியில் பசியை ஆளும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே அடிபட்டால் எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது. அதைப் பேராசை என்று திட்டக் கூடாது.

அதனால் எடையோடு கைச் சுற்றளவையும் பார்க்க வேண்டும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் நாடாவைச் சுற்ற வேண்டும். 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஆபத்து. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

நிற்க முடியாத பிள்ளையை எப்படி அளப்பது? முழங்காலிலிருந்து குதிகால் வரை அளந்தால் போதும். அதைக் கொண்டு டாக்டர் உயரத்தைக் கணக்கிடுவார். எடைக்குத் தாயே போதும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்திரத்தில் ஏறுகிறாள்: 66 கிலோ. தனியாக ஏறுகிறாள்: 52 கிலோ. பிள்ளை 14 கிலோ. தேதியோடு நோட்டில் எழுத வேண்டியதுதான்.

எடை குறைகிறதே என்று வாயில் திணிக்காதீர்கள்! இதுதான் மிகப் பெரிய அபாயம். நமக்குப் புரை ஏறினால் இருமல் வரும். மூளையில் அடிபட்ட சில பிள்ளைகளுக்கு இருமலே வராது. கஞ்சி சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போகும். நிமோனியா வரும். உயிரே போகலாம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணிக்கு மேல் ஆனாலோ, சாப்பிட்டதும் குரல் கரகரத்தாலோ, விழுங்குவதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

"குழாயா? ஐயோ!" என்று பலர் அழுகிறார்கள். குழாய் தண்டனை அல்ல. 1979-ம் ஆண்டில் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் காடரர், பான்ஸ்கி என்ற இரு டாக்டர்கள், வயிற்றைக் கிழித்துத் திறக்காமலே இரைப்பைக்குக் குழாய் வைத்தார்கள். முதன்முதலில் அதைப் பெற்றது ஐந்து மாதம்கூட ஆகாத ஒரு குழந்தை. விழுங்கும் சக்தி திரும்பினால் குழாயை எடுத்து விடலாம்.

சிறு குழந்தை என்றால் அங்கன்வாடியில் எடை பார்ப்பார்கள். அங்கே கணக்கு 6 வயது வரைதான். பத்து வயதுப் பையனை யார் நிறுத்துப் பார்ப்பது? ஆஸ்பத்திரிதான் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். மறுபடி வரச் சொல்லும் ஒவ்வொரு நாளிலும் முதலில் தராசு, அடுத்து நாடா, அப்புறம் மருந்துச் சீட்டு. அவர்கள் மறந்தால் நோட்டை நீட்டி நீங்களே கேளுங்கள்.