தட்டிப் பாராத கலம்

எங்கள் முதுகுன்றத்தில், விருத்தாசலம் என்று வடமொழிப் பெயர் சூட்டப்பட்ட இவ்வூரில், பீங்கான் தொழில் செய்வார் பலர். சூளையிலிருந்து எடுத்த குவளையைத் தேர்ந்த கைவினைஞன் விரலால் ஒருமுறை தட்டிப் பார்ப்பான். கணீரென்று ஒலித்தால் அது நல்ல கலம்; ஓசை மங்கினால், கண்ணுக்குப் புலனாகாத விரிசல் அதனுள் உண்டு. ஒரு சிறு குவளைக்கே இத்தேர்வு உண்டு. ஓர் உயிரையே குடிக்கவல்ல செய்திக்கு நம் இளைஞரிடம் இத்தேர்வு உண்டா?

2018-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள். சென்னையிலிருந்து உறவினரோடு குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு மூதாட்டி, திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில் வழி கேட்க நின்றார்; அங்கிருந்த குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். அவ்வளவே அவர் செய்த குற்றம்! பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருப்பதாக வாட்சப்பு என்னும் புலனத்தில் பரவிய பொய்யை நம்பியிருந்த மக்கள் அவரை அடித்தே கொன்றனர். அடித்தவை கைகள், அக்கைகளை ஏவியதோ எவனோ அனுப்பிய, எவரும் உசாவாத ஒரு செய்தி. அவ்வாண்டு சூலையில் அந்நிறுவனம், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்பவியலாதவாறு இந்தியாவில் வரம்பு கட்டியது. கருவிக்குப் பூட்டிட்டார்கள், நெஞ்சுக்கு எவர் இடுவது?

இஃது இன்று தோன்றிய நோயன்று. பொற்கொல்லன் ஒருவன் சொல்லை உசாவாது நம்பினான் பாண்டியன். அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்நொடி கோவலன் உயிரோடிருந்தபோது வாய்த்திருந்தால் மதுரை எரிந்திராது. கொன்றபின் உசாவுதல் அறிவாகாது. அது வெறும் இரக்கமே.

2023 மார்ச்சுத் திங்களில் இப்பொய் நம்மேலேயே பாய்ந்தது. பீகார்த் தொழிலாளரைத் தமிழர் தாக்கிக் கொல்கின்றனர் என்று காணொளிகள் வடபுலமெங்கும் பரவின. அவற்றுள் ஒன்று பீகார்த் தொழிலாளர் தமக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று கோவையில் உள்ளூரார் இருவரிடையே நிகழ்ந்த பூசல் என்று அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திரபாபு விளக்கினார். பீகார் அரசு தன் அலுவலர் குழுவை இங்கு விடுத்து உசாவியது. "உசாவாமல் நம்புவதா?" என்று நாம் அன்று கொதித்தோம். கொதித்தது முறையே.

ஆயின் அதே துலாக்கோலில் நம்மையும் நிறுத்துப் பார்க்க வேண்டாமா? தமிழே உலகின் முதன்மொழி என்று ஓர் உலக அமைப்பு அறிவித்துவிட்டதாக என் மாணாக்கன் ஒருவன் ஒருநாள் திறன்பேசியில் காட்டினான். மகிழ்ச்சியில் நானும் பதின்மர்க்கு அதனை அனுப்பினேன். பின்னர்த் தேடினேன், அத்தகைய அறிவிப்பே இல்லை. முப்பதாண்டுக் காலம் ஐயம், திரிபு, தெளிவு என்று பாடம் நடத்திய நான், இனிக்கும் பொய்யைத் தட்டிப் பாராமல் விழுங்கினேன்! இதை எழுத நாணுகிறேன். எழுதாதிருக்க அதனினும் நாணுகிறேன்.

தமிழுக்குப் பொய்த்துணை எதற்கு? கீழடியில் 353 செ.மீ. ஆழத்திற் கிடைத்த கரித்துண்டு கி.மு. 6-ஆம் நூற்றாண்டினது என்று ஆய்வகத்தில் அளந்து கண்டதைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. அதன் பெருமை அளந்ததால் வந்த பெருமை. அதனருகே ஒரு பொய்யைக் கொண்டுவந்து வைத்தால், கேட்பவன் மெய்யையும் சேர்த்தே நகைப்பான்.

ஆகவே தமிழாசிரியர்களே, இதனை நம் பாடமாக்குவோம். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2018-இலேயே ஏறத்தாழ 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தியைக் கண்டறியக் கற்பித்தனர். நமக்குத் தனிப் பொத்தகமும் வேண்டா. கிழமைக்கு ஒரு வேளை போதும். ஒரு செய்தியைக் கரும்பலகையில் எழுதுக. முதலில் சொன்னவர் யார்? எங்கே, எப்போது நிகழ்ந்தது? வேறெவர் உறுதி செய்தார்? இதனால் ஊதியம் பெறுபவர் யார்? காணொளியாயின், கடைப் பலகையின் எழுத்தும் வண்டியின் எண்ணும் எந்நாட்டைக் காட்டுகின்றன? இவற்றை மாணாக்கரே வினவட்டும். விடையையும் அவரே தேடட்டும்.

தமிழிளைஞனே! உன்னைச் சினமூட்டும் செய்தியை ஒருமுறை தட்டிப் பார். உன்னை மகிழ்விக்கும் செய்தியை இருமுறை தட்டிப் பார். ஒலி மங்கினால் உன் கையோடு நிறுத்து. அத்திமூரில் அன்று ஒருவனேனும் அவ்வாறு நிறுத்தியிருந்தால், அம்மூதாட்டி கோயிலுக்குப் போய்த் திரும்பியிருப்பார்.